சாட்சி சொன்னவளின் காலை உணவு

பேருந்தின் முகப்பில் கட்டியிருந்த பதாகையில் ‘புனித பயனம்’ என்று எழுதியிருந்தது. இரண்டே சொற்கள், இரண்டிலும் பிழை. அதைக் கட்டியவரிடமே சொன்னேன். அவர் எங்கள் பயண ஏற்பாட்டாளர். கழுத்தில் தொங்கும் விசிலை வாயோரத்தில் கவ்விக்கொண்டே பேசுவார் என்பதால் எல்லோரும் அவரை விசில் என்றே அழைத்தனர்.

“கடவுளுக்குப் புரியும், விடுங்க பெரியம்மா.”

“கடவுளுக்கு எழுதாமலேயே புரியும். இது மனுசங்க படிக்கத்தானே கட்டினது?”

அவர் விசிலை ஒருமுறை ஊதிவிட்டு அடுத்தவரின் பெட்டியைத் தூக்கப் போய்விட்டார். வாயிலிருந்து விழுந்த விசிலின் நுனியில் எச்சில் நூலாகத் தொங்கியது. விடிந்தும் விடியாத வேளையில் நான் பார்த்த முதல் காட்சி அது.

நான் ஒரு பெண்கள் விடுதியின் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கூட்டமாகச் சாப்பிட்டு, கூட்டமாக உறங்கி, கூட்டமாகக் கழிவறையைக் கெடுக்கும் மனிதர்களை வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. இந்தக் குழுவோடு கடல் கடந்து புனித நாட்டுக்குப் போக எனக்கு எந்த ஆசையும் இல்லை. ஆசை என் தங்கைக்கு. சிறுமியாக இருந்தபோது ஞாயிறு பள்ளியில் கொடுத்த ஒரு வண்ணப் படத்தில் கண்ட ஏரிக்கரையில் ஒரு நாள் நின்றுவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அவளுக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் உணவுக்கு முன் வயிற்றில் இன்சுலின் ஊசி போட வேண்டும். போடுகிறவள் நான். அதனால் வந்தேன்.

ஊசி போடுவது எங்கள் இருவருக்கும் எங்கள் மருத்துவருக்கும் மட்டுமே தெரியும். சபையைப் பொறுத்தவரை என் தங்கைக்கு நோயே இல்லை, கர்த்தர் குணமாக்கிவிட்டார்.

சென்ற ஆண்டு மூன்று நாள் உபவாசக் கூட்டம் நடந்தது. தங்கை மூன்று நாளும் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. முடிவில் யாரோ கொண்டுவந்திருந்த கருவியில் அவள் விரலைக் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை, ஓடியாடும் சிறுபிள்ளைக்கு இருப்பதைப் போல இருந்தது. மூன்று நாள் பட்டினி கிடந்த உடம்பில் சர்க்கரை எங்கிருந்து வரும் என்று கேட்க அந்தப் பந்தலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தங்கை மேடையேறி, நோய் குணமானதென்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். பேக்கரி நடத்தும் அம்மாள் அதைக் கைபேசியில் படம்பிடித்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பினார். சாப்பிடத் தொடங்கிய மறு வாரமே சர்க்கரை பழைய இடத்தையும் தாண்டி ஏறிவிட்டது. ஆனால் அதற்குள் எங்கள் வாசலில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தனர். தன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களிடம், நோய் திரும்பி வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றைக் காட்டினாள்; நான் குத்தினேன்.

அன்றும் புறப்படுமுன் குத்தியாயிற்று. பேருந்து கிளம்பியதும் காலை உணவு தரப்படும் என்று விசில் உறுதி கூறியிருந்தார். பேக்கரிக்காரம்மாள் சுட்ட பன்னும் அவித்த முட்டையும். உணவு தள்ளிப்போனால் உதவும் என்று, குழுவுக்காகத் தைத்துக் கொடுத்திருந்த தோள்பையில் பிஸ்கட், வாழைப்பழம், மிட்டாய், குளுக்கோஸ் எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.

அந்தப் பையைப் பற்றி ஒரு சொல். வெள்ளைத் துணி, நீல ஓரம், உள்ளே இரட்டைத் தையல். பிசிறில்லை, கோணலில்லை. இந்தப் பயணத்தில் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்த ஒரே பொருள் அதுதான். தைத்தவர் எங்களுக்குப் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். மெலிந்த மனிதர், கொஞ்சம் நொண்டி நடந்தார், பேச்சு குறைவு. பிற இருக்கைகளின் தலைப்பகுதிகள் யார் யாருடைய தலை எண்ணெயிலோ ஊறிப் பளபளத்தன. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னிருக்கைக் கைப்பிடியில் பாதத்தை நீட்டினார். இன்னொருவர் காது குடைந்த விரலைத் திரைச்சீலையில் துடைத்தார். இவற்றையெல்லாம் மீறி ஒரு நாற்றம் எழுந்தது. ஈரத் துணி மக்கியது போல, அதனடியில் இனிப்பாகவும் ஏதோ. எங்கிருந்து என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“முட்டை அழுகியிருக்கு,” என்றேன்.

இடைவழிக்கு அப்பாலிருந்த பேக்கரிக்காரம்மாள் சீறினார். “என் முட்டையா? இன்னைக்கு அவிச்சது! உங்க மூக்குல ஏதாவது செத்துக் கெடக்குதான்னு பாருங்க பெரியக்கா!”

பேருந்து நகர எல்லையைத் தாண்டியதும் போதகர் எழுந்து நின்றார். சிறிய ஒலிபெருக்கி ஒன்றை மார்பில் மாட்டியிருந்தார்; கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவரோடும் அதில்தான் பேசுவார்.

“பிரியமானவங்களே! விடியக்காலம் ஜெபத்துல கர்த்தர் எங்கிட்ட பேசினாரு. நம்ம பாதம் அந்த மண்ணுல படுற வரைக்கும் ஒருத்தர் வாயிலயும் ஆகாரம் போகக் கூடாது. வெறும் தண்ணி. உபவாசத்தோட போவோம், ஆசீர்வாதத்தோட எறங்குவோம்!”

“ஆமென்!” என்றது பேருந்து.

விசில் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு இருக்கை இருக்கையாக வந்து, சற்று முன் கொடுத்திருந்த உணவுப் பொட்டலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பேக்கரிக்காரம்மாள் மட்டும், “நேத்து பூரா நின்னு சுட்டது, சாக்குலயா போடுவீங்க?” என்று கேட்டார். அதற்கும் ‘ஆமென்’ என்றார் எவரோ.

நான் எழுந்தேன். தங்கை என் முழங்கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“அக்கா, வேணாம்.”

“ஊசி போட்டிருக்கேன்டி. சாப்பிடலன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?”

“தெரியும். மெதுவாப் பேசு.”

“வயித்துவலின்னு சொல்லிட்டுச் சாப்பிடு.”

“என்னையா? உபவாசம் இருந்து சொகமானவன்னு என்னைத்தான் முன் வரிசையில உக்கார வெச்சிருக்காங்க. நானே மொதல்ல தின்னா எப்படி இருக்கும்?”

சரியாக அதே நேரத்தில் ஒலிபெருக்கி அவள் பக்கம் திரும்பியது. “உபவாசத்தோட வல்லமைக்கு நம்ம நடுவுலயே ஒரு சாட்சி உண்டு. சிஸ்டர், ரெண்டு வார்த்தை!” தங்கை எழுந்தாள். பழைய சாட்சியைப் பழைய சொற்களிலேயே சொன்னாள். என் கைப்பையில் அந்த ஊசி இருந்தது. அவள் வயிற்றில் அது குத்திய இடம் இன்னும் ஆறியிருக்காது.

வழியில் ஓர் எரிபொருள் நிலையத்தில் பேருந்தை நிறுத்தினார்கள். தங்கையின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. நான் அவளைப் பெண்கள் கழிவறைக்கு இழுத்துச் சென்றேன்.

அதை விவரிக்க நான் விரும்பவில்லை. எனினும் விவரிக்காவிட்டால் நடந்தது முழுமையாகாது. தரையில் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர்; அதில் மிதந்தவற்றை நான் பார்க்காதிருக்க முயன்றேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. முதுகால் கதவை அழுத்திக்கொண்டு வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பழத்தை வாய்க்குள் திணித்து, மெல்லாமல் விழுங்கினாள். கண்ணில் நீர் வந்தது. விடுதியில் இருந்த காலத்தில், கழிவறையில் நின்று மிட்டாய் தின்ற ஒரு பெண்ணை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறேன். இங்கே என் தங்கை, பேரன் பேத்தி எடுத்தவள், கடவுளுக்குத் தெரியாமல் அல்ல, கடவுளின் ஆட்களுக்குத் தெரியாமல், மலத்தின் நடுவே நின்று பழம் தின்றாள்.

“தோலை எங்க போட?” என்றாள்.

“எங்க வேணும்னாலும் போடு. இந்த எடத்துக்கு அது அலங்காரம்.”

அவள் சிரித்தாள். சிரித்தபடியே, வெளியே காலடி கேட்டதும் வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் துடைப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“இன்னைக்கே அந்த மனுசன்கிட்ட சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்.”

“அந்தக் கரையில போய் நின்னதும் சொல்லிடறேன். சத்தியமா. அது வரைக்கும் விடு அக்கா. சொன்னா எறக்கி விட்டுடுவாங்க.”

ஒரு பழம் அதிக நேரம் தாங்காது. இனிப்பு மிட்டாய்களை ஒவ்வொன்றாக அவள் வாய்க்குள் கடத்தினேன். இருமுகிறவளைப் போலக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அவள் சப்பினாள். இப்படியாக நண்பகல் கடந்து விமான நிலையம் வந்து சேர்ந்தோம்.

அங்கே விசில் தன் நிர்வாகத் திறமையைக் காட்டினார். நான் தங்கையின் கடவுச்சீட்டைத் தேடி முடித்து நிமிர்ந்தபோது, எங்கள் தோளிலிருந்து இறக்கி வைத்த பைகளைக் காணவில்லை.

“எல்லாம் ஒரே மாதிரிப் பை, பெரியம்மா. ஆளாளுக்குத் தூக்கினா மாறிப்போகும். கட்டுக் கட்டாக் கட்டிப் பெட்டியோட அனுப்பிட்டேன். எறங்குற எடத்துல எடுத்துக்கலாம்.”

“என் பையில மருந்து மாதிரி சாமான் இருக்கு!”

“மருந்து யாருக்கு?” என்று அவர் கேட்டார். அருகில் போதகர் நின்றார். தங்கை என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடினேன். ஊசியும் கைப்பையும் என்னிடம் இருந்தன. தின்பதற்கு ஒன்றும் இல்லை.

பாதுகாப்புச் சோதனையில் எல்லோரும் காலணிகளைக் கழற்ற வேண்டும் என்றார்கள். அப்போதுதான் காலையிலிருந்து என்னைத் துரத்திய நாற்றத்தின் பிறப்பிடம் தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற தையல்காரர் வலது காலணியைக் கழற்றினார். காலுறையின் முன்பகுதி மஞ்சளும் பழுப்புமாகத் தோய்ந்து விரல்களோடு ஒட்டியிருந்தது. காலணிகளைத் தட்டில் வாங்கிய ஊழியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன். தங்கை திருப்பிக்கொள்ளவில்லை.

“என்ன தம்பி இது? எப்பலேருந்து?”

“மூணு மாசமா இருக்கும் அக்கா. மிஷின் மிதிக்கிற கால். ஊசி ஒண்ணு கீழ கெடந்து ஏறிடுச்சு. ஆறல.” அவர் வெட்கத்தோடு காலைக் காலணிக்குள் திரும்ப நுழைத்தார். “சக்கரை இருக்குறதால ஆறலன்னு டாக்டர் சொன்னாரு. நான் மாத்திரைய நிறுத்தி ரொம்ப நாளாச்சு.”

“ஏன் நிறுத்தினீங்க?”

அவர் அவளை வியப்போடு பார்த்தார். “உங்க சாட்சி கேட்டுத்தான் அக்கா. தெனமும் அந்த வீடியோவைப் போட்டுப் பாப்பேன். உங்களுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா? கர்த்தர் ஞானஸ்நானம் எடுத்த ஆத்துல கால நனைச்சா ஆறிடும்.”

தங்கை நடந்தாள். காத்திருப்புக் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் இரு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனிகள் நடுங்கின.

“இரு, ஏதாவது வாங்கிட்டு வரேன். எழுந்திருக்காதே.”

“எனக்கு வேணாம்.”

“வேணுமா வேணாமான்னு நான் கேக்கல.”

காப்பிக் கடையில் நீண்ட வரிசை. முன்னால் நின்ற இளம் தம்பதி எந்தக் காப்பி என்று முடிவு செய்ய இயலாமல் கொஞ்சிக்கொண்டிருந்தனர். பின்னாலிருந்து ஆரவாரம் கேட்டது, திரும்பினேன். எங்கள் குழு ஒரு வட்டமாக நின்று கைகளை உயர்த்தியிருந்தது. நடுவே யார் என்று பார்க்கத் தேவையில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தங்கை நாற்காலியிலிருந்து சரிந்து, பாதி உடம்பு தரையில் கிடந்தாள். உடல் முழுவதும் உதறியது. உடையெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. வாய் எதையோ குழறியது, சொல்லுமில்லை, பொருளுமில்லை. கண்கள் திறந்திருந்தும் என்னைக் காணவில்லை. இத்தனையும் சர்க்கரை இறங்கிப்போன உடம்பின் கூக்குரல். இத்தனையையும் அவர்கள் கொண்டாடினார்கள்.

“அபிஷேகம் எறங்குது! விடாதீங்க, ஜெபிங்க!” என்றது ஒலிபெருக்கி. “அந்நிய பாஷை பேசுறாங்க, கேளுங்க!” புரியாத குழறல் அவர்களுக்கு ஆவியானவர் தரும் மொழி.

ஒருவர் ஒரு சீசா எண்ணெயை அவள் உச்சியில் கவிழ்த்தார். அது நெற்றியில் வழிந்து கண்ணுக்குள் போயிற்று. அவள் இமைக்கக்கூட இல்லை. அவள் தலைமீது பத்துப் பன்னிரண்டு கைகள்; காது குடைந்த கையும் அவற்றுள் ஒன்று. உரத்து ஜெபித்தவர்களின் எச்சில் அவள் கன்னத்தில் தெறித்தது. பட்டினி கிடந்த வாய்களின் வாடை ஒரு போர்வையைப் போல அவளை மூடியிருந்தது. பேக்கரிக்காரம்மாள் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். தையல்காரர் ஓரமாக, ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று, கண்ணீரோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“விலகுங்க!”

“பெரியம்மா, தடுக்காதீங்க. ஆவியானவர் கிரியை செய்யுற நேரம்.”

“அவளுக்குச் சக்கரை எறங்கிடுச்சு! செத்துப்போவா!”

“விசுவாசமில்லாம பேசாதீங்க!” என்றார் எண்ணெய்க்காரர்.

மீண்டும் காப்பிக் கடைக்கு ஓடினேன். ஓடி எத்தனை காலமாயிற்று என்று தெரியவில்லை. வரிசையை மீறினேன், வாழ்க்கையில் முதல் முறை. மேசைமீதிருந்த சர்க்கரைப் பொட்டலங்களைக் கை நிறைய அள்ளினேன். கொஞ்சிக்கொண்டிருந்த பெண், “எக்ஸ்கியூஸ் மீ, வரிசைல வாங்க,” என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

வட்டத்தை முழங்கையால் பிளந்தேன். எண்ணெய்க்காரரின் காலை மிதித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. தங்கையைப் பக்கவாட்டில் சாய்த்து, பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, சர்க்கரையைக் கீழ் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே விரலால் தேய்த்தேன். இன்னொன்று. மற்றொன்று. எண்ணெயும் எச்சிலும் சர்க்கரையும் கலந்து என் விரல்கள் பிசுபிசுத்தன. அவள் பல் என் விரலைக் கடித்தது. பின்பு நாக்கு மெதுவாக அசைந்து சுவைத்தது. விழுங்கினாள். நான் கொட்டிக்கொண்டேயிருந்தேன்.

நடுக்கம் அடங்க நேரமாயிற்று. அது வரைக்கும் அவர்கள் ஜெபத்தை நிறுத்தவில்லை. அவள் கண்ணில் பார்வை திரும்பி, “அக்கா, ஏன் என் தலையெல்லாம் எண்ணெய்?” என்று கேட்டபோது, கூட்டமே கைதட்டியது.

அந்தப் போதகர் மோசடிக்காரராக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் அப்படியல்லர். முந்தைய இரவிலிருந்து அவரும் ஒன்றும் உண்ணவில்லை, உதடு வெடித்திருந்தது. உண்மையாகவே அழுதார். அழுதுகொண்டே ஒலிபெருக்கியின் வாயைத் தங்கையின் முகத்தருகே கொண்டுவந்தார்.

“சிஸ்டர், கர்த்தர் உங்களுக்கு என்ன காட்டினாரு? சபைக்குச் சொல்லுங்க.”

கைபேசிகள் உயர்ந்தன. தங்கை எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. வட்டத்துக்கு வெளியே நின்ற தையல்காரரின் காலணியையே பார்த்தாள்.

“ஒண்ணும் காட்டல ஐயா. எனக்குப் பசி மயக்கம்.”

“என்ன சொல்றீங்க?”

“காலைல சக்கரை ஊசி போட்டுக்கிட்டு சாப்பிடாம இருந்துட்டேன். அதான் இப்படி. தெனமும் ரெண்டு வேளை ஊசி போட்டுக்கறேன். சாட்சி சொன்ன மறு வாரத்துலேருந்து போடறேன். என் சக்கரை சொகமாகல.”

ஒலிபெருக்கி அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் கூடம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தக் கருவி உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றே. போதகர் அதன் விசையைத் தடவினார். பதற்றத்தில் கை தப்பியது.

“சிஸ்டர், இதையெல்லாம் இங்க... அப்புறமாத் தனியா பேசிக்கலாம்.”

“அப்புறம்னா அதுக்குள்ள அவரு காலு போயிடும் ஐயா.” அவள் தையல்காரரை நோக்கிக் கையை நீட்டினாள். “தம்பி, நான் பொய் சொல்லணும்னு மேடை ஏறல. சொன்ன அன்னைக்கு நம்பித்தான் சொன்னேன். ஆனா திரும்பி வந்ததைச் சொல்லாம மறைச்சது பொய்தான். வெக்கத்துல மறைச்சேன். நீங்க என்னைப் பாத்துட்டு மாத்திரைய நிறுத்தாதீங்க. இப்பவே வாங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்.”

தையல்காரர் அசையவில்லை. “அப்ப அந்த வீடியோ?”

“அதை இனிமே பாக்காதீங்க.”

பிறகு நடந்ததைத்தான் அந்த நாளின் மிகப் பெரிய அசிங்கம் என்பேன். கழிவறை அதற்கு அப்புறம். சற்று முன் அவள் தலையைத் தொட்டிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் துடைக்கப்பட்டன. எண்ணெய்க்காரர் சீசாவின் மூடியை இறுக்கித் திருகினார். அவள் காலடியில் இருந்த தங்கள் சாமான்களைச் சிலர் நகர்த்திக்கொண்டனர். “பாவம், நல்லா நடிச்சுது,” என்று ஒரு குரல் கேட்டது. சொன்னவர் முகத்தைக் காட்டவில்லை. போதகர் தொண்டையைச் செருமி, “எல்லாரும் வரிசையில நில்லுங்க. விமானத்துக்கு நேரமாச்சு,” என்றார். வரிசையில் நின்றார்கள். அழகான, நேரான வரிசை. ஒழுங்கைப் பார்த்து நான் அருவருத்தது அன்றுதான்.

விமான நிலையத்தின் முதலுதவி அறை கூடத்தின் மறு கோடியில் இருந்தது. தங்கை ஒரு புறமும் நான் மறு புறமுமாகத் தையல்காரரை அழைத்துச் சென்றோம். யார் யாரைத் தாங்கினோம் என்று சொல்வது கடினம். அங்கிருந்த செவிலி காலுறையைக் கத்தரித்து எடுத்தாள். எடுத்ததும் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

“இவரு விமானத்துல ஏறவே கூடாது. கட்டுப் போட்டுடறேன், நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா முழங்காலோட எடுத்திருப்பாங்க.”

தையல்காரர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். கண்ணோரம் நீர் காதுக்குள் இறங்கியது. “அந்த ஆத்தைப் பாக்கணும்னு...” என்றார். முடிக்கவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன் தம்பி,” என்றாள் தங்கை. பிறகு என்னிடம், “நீ போய்ட்டு வா அக்கா. நீயாவது அந்தக் கரையைப் பாத்துட்டு வந்து சொல்லு.”

“யாரோட? அந்தக் கூட்டத்தோடயா? அதுக்கு இந்தக் காலு மேல்.”

செவிலி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கதவு வழியே விசில் தலையை நீட்டினார். “பெரியம்மா, கேட்டை மூடப் போறாங்க! வரீங்களா இல்லையா?” உள்ளே இழுத்த மூச்சோடு நாற்றமும் போயிருக்க வேண்டும், விசில் வாயிலிருந்து நழுவியது. பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டார். எங்கள் தோள்பைகள் எங்களை விட்டுவிட்டுப் புனித நாட்டுக்குப் புறப்பட்டுப் போயின. அவற்றை யார் எங்கே இறக்கினார்களோ அறியேன்.

அவர் போன சிறிது நேரத்தில் பேக்கரிக்காரம்மாள் மூச்சிரைக்க வந்தார். வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். கைப்பையைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தார். பன்.

“இதை மட்டும் சாக்குல போடல,” என்றார் என்னைப் பார்க்காமல். “நானும் பிரஷர் மாத்திரை போடறவதான். வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு ஒண்ணு ஒளிச்சு வெச்சேன். நீங்க தின்னுங்க சிஸ்டர்.”

“அந்த வீடியோவை அழிச்சிடுங்க,” என்றேன்.

“அழிச்சிடலாம் பெரியக்கா. அனுப்பினதை என்ன பண்றது?” என்றார். அவர் விமானத்தைப் பிடிக்க ஓடினார்.

தங்கை பன்னைப் பிட்டு வாயில் வைத்தாள். காலையில் உண்டிருக்க வேண்டியதை மாலை நெருங்கும் வேளையில், எண்ணெய் வழியும் தலையோடு, சீழ் நாற்றத்தின் நடுவே, ஆனால் வாயை மூடாமல், துடைக்காமல், எல்லோர் கண்முன்னும் மென்று தின்றாள். துகள்கள் தரையில் உதிர்ந்தன.

“உதிர்க்காம சாப்பிடு,” என்றேன்.

செவிலி ஒரு கிண்ணத்தில் மருந்து நீரை ஊற்றி எடுத்துவந்தாள். உதவிக்கு ஆள் இல்லை என்றாள். “நீங்க கொஞ்சம் காலைத் தூக்கிப் பிடிச்சுக்கறீங்களாம்மா? கழுவிடறேன்.”

கையுறை தந்தாள், என் கைக்கு அது சிறியதாக இருந்தது, பாதி வரையே ஏறியது. நான் குனிந்து தையல்காரரின் குதிகாலை இரு கைகளாலும் பிடித்துத் தூக்கினேன். சூடாக இருந்தது. மருந்து நீர் பட்டதும் அவர் துடித்தார். மஞ்சள் நீர் என் மணிக்கட்டு வழியே ரவிக்கைக் கைக்குள் இறங்கியது. மூச்சை அடக்கினேன், அடக்க முடிந்த வரையில் அடக்கி, பிறகு வேறு வழியின்றி இழுத்தேன்.

“நாத்தம் அடிக்குதா பெரியக்கா?” என்றார் தையல்காரர்.

“அடிக்குது,” என்றேன். “ஆட்டாம இருங்க.”